ஊசி நின்ன இடம்

எங்க ஊரு புளியங்கண்மாயில கல்யாணம்னா பொண்ணோட தாய்மாமன் வேற எதைச் செய்யுதாரோ இல்லையோ, ஒரு பாட்டு ரிக்கார்டு வாங்கிக் கொடுத்தே ஆகணும். கெட்டிமேளம் அடங்கின உடனே அந்த ரிக்கார்டைத்தான் குழாய் ஸ்பீக்கர்ல போடுவாங்க. அது பாடி முடிச்சதும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்க, புருசன் பொண்டாட்டி பேரை அட்டை உறையில எழுதி தேவசகாயம் அண்ணாச்சியோட மைக்செட் கடை அலமாரியில வெச்சிருவாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல சண்டை வந்தாலும், சாவு விழுந்தாலும், வெளியே சொல்ல முடியாத வேதனை எது வந்தாலும், அந்த வீட்டு ஆளு கடைக்கு வந்து, தன் ரிக்கார்டைத் தானே எடுத்து, தன் கையாலயே ஊசியை வெச்சுக் கேட்டுட்டுப் போகணும். கடைக்காரர் ஊசியைத் தொடக் கூடாது, அதுதான் வழக்கம். அழுதுக்கிட்டு வாரவங்க கையில ஊசி நிக்குமா? வழுக்கும், இழுக்கும், கீறும். அதனால எங்க ஊர்ல கீறல் இல்லாத ரிக்கார்டு ஒண்ணுகூடக் கிடையாது.

புது ரிக்கார்டு வாரது நின்னுபோன பிறகும் வழக்கம் நிக்கலை. தாய்மாமன்மாரு மதுரைக்குப் போயி பழைய சாமான் கடையில தேடி வாங்கிட்டு வந்தாங்க. அதுல ஏற்கெனவே யாரோ போட்ட கீறல் கிடக்கும், அதைப் பாத்து மாமியார்மாரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிடுவாங்க, அது பாட்டுக்கு நடக்கும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா, மைக்செட் கடைக்குப் பக்கத்துல இருக்க மாவு மில்லு என்னோடது. பேரு முத்துக்கனி. மில்லு சத்தத்துக்கு மேல பேசிப் பேசி எனக்குத் தொண்டை பெருசு, வாயும் பெருசும்பாங்க, சொல்லிட்டுப் போகட்டும். நான் சொல்லுததை நம்பாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம், எனக்கும் மிளகாய்வத்தல் அரைக்கக் கிடக்கு.

அண்ணாச்சி மக ஜெசிந்தா மெட்ராசுல பாட்டுப் பதிவு பண்ணுத இடத்துல வேலை பாத்துட்டு, அது பிடிக்காம ஊருக்கு வந்தவ. வந்து பாத்தா, தகரக்கூரைச் சூட்டுல ரிக்கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடக்கு, மழைக்கு ஒழுகி உறையெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கு. இனி ரெண்டு கோடைகூடத் தாங்காது, வழக்கம் பாத்தா ஆகாதுன்னு சொல்லி, ஒவ்வொண்ணா ஈரத்துணியால துடைச்சு, ஓட்டி, லேப்டாப்புல ஏத்தி, கேக்கதுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு கீறல் சத்தத்தையும் எடுத்துவிட்டு, அந்தந்த வீட்டுக்காரங்க செல்போன்ல போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சா. நல்ல எண்ணத்துல செஞ்சதுதான், அவளை நான் ஒருநாளும் குத்தம் சொல்ல மாட்டேன்.

முதல்ல முடிச்சது ஐயம்பெருமாள் பிச்சம்மாள் தம்பதி ரிக்கார்டு. மூத்தவன் கல்யாணப் பத்திரிகையில யார் பேரை விட்டாங்கங்கதுல ஆரம்பிச்ச சண்டையில, ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு வெச்சுப் பொங்கித் தின்னவங்க அவங்க. ஜெசிந்தா கீறலைத் துடைச்ச அன்னைக்குச் சாயங்காலம் பிச்சம்மாள் மீன்குழம்பைத் தட்டுல ஊத்தி, முள்ளு பாத்துச் சாப்பிடுங்கன்னு சொல்லி வெச்சா. அவரும் சாப்பிட்டாரு. எதுக்கு வீட்டுல ரெண்டு அடுப்பு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் விளங்கலை, ஒண்ணைத் தூக்கி ஆட்டுத்தொழுவத்துல போட்டாங்க. மறு வாரம் இன்னொரு வீடு, அடுத்தது இன்னொரு வீடு. கீறல் சத்தம் போனா, அந்தக் கீறலைப் போட்ட சங்கதியும் அந்த வீட்டுக்காரங்க நெஞ்சை விட்டுப் போயிருதுங்கது ஊருக்கு வெளிச்சமாச்சு. யாரும் பெருசா ஆச்சரியப்படலை. கரண்டு வந்தப்பவும் குழாய்த்தண்ணி வந்தப்பவும் எப்படி வரிசையில நின்னாங்களோ அப்படியே மைக்செட் கடை வாசல்லயும் வரிசையில நின்னாங்க. பழைய சாமான் கடை ரிக்கார்டுல கிடந்த கீறலும் சேந்துதானே போச்சு, மதுரையிலயும் யாரோ எதையோ மறந்திருப்பாங்க, நமக்குத் தெரியாது.

ஒருதடவை வயரு ஒண்ணு அத்துப்போயி சங்கரவேல் வாத்தியார் வீட்டு ரிக்கார்டுல வலது பக்க ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான் ஏறிச்சு, அந்தப் பக்கக் கீறல் மட்டும்தான் போச்சு. அப்பதான் இடது ஸ்பீக்கர் பொண்டாட்டிக்கு, வலது ஸ்பீக்கர் புருசனுக்குன்னு தெரிய வந்தது. வாத்தியார் ஒரு சடங்கு வீட்டுல அத்தனை பேருக்கு முன்னால பொண்டாட்டி கன்னத்துல அறைஞ்சவரு. இப்ப அடிச்சவருக்கு மறந்துபோச்சு, அடி வாங்கினவளுக்கு மறக்கலை. ஊரே கூடி நின்னு அதிசயம்னாங்க. இதுல என்ன அதிசயம், எல்லா ஊர்லயும் அப்படித்தானே நடக்குன்னு நான் கேட்டேன்.

கொஞ்ச நாள்ல ஊருக்கு ஒரு புது நடைமுறை வந்துச்சு. அப்படி ஆன வீட்டுக்குக் கழுவின வீடுன்னு பேரு. கழுவின வீட்டுக்காரங்ககிட்ட, போனது எதுன்னு யாரும் மூச்சு விடக் கூடாது. சம்பந்தம் பேச வாரவங்க, நகை நட்டு கேக்கதுக்கு முந்தி கழுவின வீடான்னு கேட்டாங்க. ரேசன் கடை வரிசையில பேச்சை ஆரம்பிக்கதுக்கு முன்னால, பக்கத்துல நிக்கவளை இடிச்சு, இவ கழுவியாச்சான்னு கண்ணால கேட்டுக்கிட்டாங்க. கோயில் கொடைத் திருவிழாவுல சாமி வந்து ஆடுதவர்கூட, குறி சொல்லும்போது யோசிச்சு யோசிச்சுத்தான் வாயைத் திறந்தாரு.

பாக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா நான் ஒண்ணு கேக்குதேன். மறந்தவங்க மறந்துட்டாங்க, அந்தச் சங்கதி எங்கே போச்சு? எங்கயும் போகலை, எங்க தலையில வந்து உக்காந்துக்கிச்சு. எதிர்வீட்டுக்காரி சங்கதியை நான் சுமக்கேன், என் சங்கதியை அவ சுமக்கா. என் வீட்டு ரிக்கார்டையும் எங்க வீட்டுக்காரர் சொன்னாருன்னு கழுவியாச்சு. என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எதிர்வீட்டு செல்லக்கிளி இருக்காளே, சண்டைக்காரி, அவ இப்பல்லாம் என்னைப் பாத்தா குரலைத் தாழ்த்திப் பேசுதா, மாவு அரைக்க வந்தா சில நேரம் என் முழங்கையைத் தடவிட்டுப் போறா. எனக்கு எரிச்சலா வரும். கேக்கவும் முடியாது.

சரி, வடிவு கதைக்கு வாரேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சண்முகவடிவு என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவ புருசன் கொம்பையா, கல்குவாரிக்கு டிப்பர் லாரி ஓட்டுதவரு. ஒரே மக, பேச்சிப்ரியா. குலசாமிக்கு பேச்சி, பள்ளிக்கூடத்துக்கு ப்ரியா. மூணாங்கிளாஸ் படிச்சா. மில்லுல கோதுமைமாவு விழுத இடத்துல கையை நீட்டி, சூடா இருக்கு பெரியம்மான்னு சிரிப்பா, தலையெல்லாம் மாவோட வீட்டுக்குப் போயி ஏச்சு வாங்குவா. ஐப்பசி மழையில, கைவிட்ட குவாரிப் பள்ளத்துல தண்ணி நிறைஞ்சு கிடந்தது. பிள்ளைங்களோட விளையாடப் போனவ, கால் வழுக்கி உள்ளே போயிட்டா. கொம்பையாதான் குதிச்சு எடுத்துட்டு வந்தாரு. எடுத்துட்டு வந்து என்ன செய்ய.

அடக்கம் பண்ணின மறுநாள் வழக்கப்படி கொம்பையா மைக்செட் கடைக்கு வந்தாரு. அவங்க கல்யாணப் பாட்டு ஒரு மழைப்பாட்டு. ‘வாசல் வந்த மழையே, நனைஞ்சு நிக்காதே, உள்ளே வா’ன்னு வரும். அவரு ஊசியை வெச்சப்ப கை வெட்டி இழுத்துருச்சு. ரிக்கார்டோட ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுல ஒட்டியிருக்க காகிதம் வரைக்கும் ஒரே கீறல். அதுக்கப்புறம் அந்தப் பாட்டு அந்த இடத்தைத் தாண்டலை. உள்ளே வா, உள்ளே வா, உள்ளே வான்னு ஊசி அங்கேயே நின்னுச்சு. அவரும் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, கடைசியில வடிவு வந்துதான் ஊசியைத் தூக்கினா.

அன்னையிலிருந்து விடிஞ்சா குவாரிப் பள்ளத்துக்குப் போயிருவாரு. கரையில காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருப்பாரு. லாரிச் சாவியைத் தொடலை. சோத்துத் தட்டை வெச்சா, பிள்ளைக்கு எடுத்து வெச்சாச்சாம்பாரு. ஒருநாள் கழுத்தளவு தண்ணியில நின்னவரை குவாரி ஆளுங்க இழுத்துட்டு வந்து வாசல்ல விட்டாங்க. சட்டையெல்லாம் சேறு, கண்ணுல ஒரு பயமும் இல்லை. அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஊரெல்லாம் கழுவிருன்னு சொல்லிச்சு. வடிவு கடைக்குப் போயி அலமாரியில இருந்து ரிக்கார்டை எடுத்து ஜெசிந்தாகிட்ட கொடுத்தா. நானும் கூடப் போனேன்.

ஜெசிந்தா ஹெட்போனை மாட்டி முழுசா ஓட்டிப் பாத்துட்டு, ஹெட்போனைக் கழட்டிச் சொன்னா.

“அக்கா, கீறல் பாட்டு முழுக்க ஓடுது. செத்தது மட்டும்னு தனியா எடுக்க முடியாது. எடுத்தா பிள்ளை பிறந்ததுல இருந்து எல்லாம் போயிரும்.”

“எல்லாம்னா?”

“அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது.”

வடிவு கேட்டா, “வலது பக்கம் மட்டும் எடுக்கலாம்லா?”

வலதுன்னா புருசன் பக்கம். புரிஞ்சதும் ஆத்திரம் தாங்கலை.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அவர் பெத்த பிள்ளையை அவர்ட்ட கேக்காம எடுப்பியா?”

“கேட்டா தருவாராக்கா?”

“தராட்டா விடு. அது அவரு சொத்து.”

“சொத்தை வெச்சுக்கிட்டு ஆள் போயிருவாருக்கா. இன்னைக்குக் கழுத்தளவு, நாளைக்கு?” அவ அழலை, அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். “ரெண்டு பேரையும் அந்தப் பள்ளத்துக்குக் கொடுக்க என்னால முடியாது. அவளைப் பிடிச்சு வைக்க நான் ஒருத்தி போதும்.”

“அப்ப உன் பக்கத்தையும் எடுத்துருட்டி. நீ மட்டும் எதுக்குக் கிடந்து வேகணும்?”

“ரெண்டு பேரும் மறந்துட்டா அவ எந்த வீட்டுப் பிள்ளைக்கா?”

ஜெசிந்தா, நான் மாட்டேன், இது பாவம்னு சொன்னா. தேவசகாயம் அண்ணாச்சி அதுவரைக்கும் ஆம்ப்ளிஃபயரைத் துடைச்சுக்கிட்டு இருந்தவரு, கண்ணாடியைக் கழட்டி, “செஞ்சாலும் பாவம், செய்யாட்டாலும் பாவம்மா. எதோட உன்னால வாழ முடியும்னு பாரு”ன்னாரு. ஜெசிந்தா நாலைஞ்சு நாள் கழிச்சுத்தான், சரி செய்யுதேன்னு சொல்லியனுப்பினா.

இடைப்பட்ட அந்த நாளுகள்ல வடிவு செஞ்ச காரியம் இருக்கே. கொம்பையா பள்ளத்துக்குப் போனதும், பிள்ளையோட சாமானை ஒவ்வொண்ணா எடுத்துத் தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோயிக் கொடுத்தா. பள்ளிக்கூடத்து யூனிஃபாரம் செல்லக்கிளி வீட்டுக்கு, செருப்பு பிச்சம்மாளுக்கு, படமெல்லாம் தேவசகாயம் அண்ணாச்சி வீட்டுப் பீரோவுக்கு. சாமானைக் கொடுக்கும்போது அதோட ஒரு சங்கதியையும் சொல்லிட்டு வந்தா. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு நடப்பான்னு பிச்சம்மாள்கிட்ட. யூனிஃபாரம் பையில புளியங்கொட்டை வெச்சிருப்பான்னு செல்லக்கிளிகிட்ட. எனக்கு வந்தது ஒரு சின்னக் குடை, ஊதாக் கலரு, ஒரு கம்பி ஒடிஞ்சது. மழை பெய்யும்போது அவ குடையை விரிக்க மாட்டாக்கா, நனையக் கூடாதுன்னு தாவணிக்குள்ள வெச்சுக் கொண்டு வருவா, அவ நனைஞ்சுட்டு வருவான்னு வடிவு சொன்னா. தாவணியா, மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏதுட்டி தாவணின்னு கேட்டேன். என்னோட பழைய தாவணியைச் சுத்திக்கிட்டு அலைவாள்லாக்கான்னா. அதுவரைக்கும் அழாதவ அப்பதான் அழுதா. நானும் அழுதேன். அவங்க வீட்டுக் கதவு நிலையில பென்சிலால கோடு போட்டுப் பிள்ளை உசரம் பாத்திருந்தாங்க, அதுமேல நானே சுண்ணாம்பு அடிச்சேன்.

ஜெசிந்தா அதைச் செஞ்சது ஒரு மத்தியான நேரம். நான் மில்லை நிறுத்திட்டு ஓரமா நின்னேன். சத்தமெல்லாம் ஹெட்போனுக்குள்ளதான், வெளியே ஒண்ணும் கேக்கலை, அவ விரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நகருது. முடிச்சுட்டு ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு உள்ளே போயி முகத்தைக் கழுவினா.

அதே நேரத்துல கொம்பையா பள்ளத்துக் கரையில இருந்து எந்திரிச்சு, இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்னு சுத்திமுத்திப் பாத்துட்டு, வேட்டியைத் தட்டிவிட்டு நடந்து வந்தாருன்னு குவாரி வாட்ச்மேன் சொன்னாரு. வீட்டுக்கு வந்ததும், “வடிவு, பசி உயிர் போகுது, என்ன வெச்சிருக்க?”ன்னு கேட்டாரு. அவ சோறு போட்டா. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அவ அடுக்களைச் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னு பாத்திரம் தேய்ச்சா. தேய்ச்ச பாத்திரத்தையே தேய்ச்சா.

மறுநாள் லாரியை எடுத்தாரு. உடம்பு தேறுச்சு. டீக்கடையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. தெருவே அவரைப் பாத்து நல்லா சிரிச்சுப் பேசிட்டு, அவரு தலை மறைஞ்சதும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம கலைஞ்சு போச்சு. வடிவு கண்ணு சிவந்திருந்தா, எதுக்கு எந்நேரமும் அடுப்பை ஊதுதன்னு சொல்லி, அவரே போயி ஒரு புது கேஸ் அடுப்பு வாங்கிட்டு வந்து வெச்சாரு. புகைன்னு சொல்லக்கூட அவளுக்கு வழியில்லாம போச்சு. அதுக்கப்புறம் என் மில்லுக்கு வந்து, மிளகாய்வத்தல் அரைக்கும்போது நின்னு அழுதுட்டுப் போவா. அங்கே எல்லாருக்கும்தான் கண்ணுல தண்ணி வரும்.

ஒருநாள் என் முன்னாலயே கொம்பையா சொன்னாரு, “மதினி, நமக்கும் ஒரு பிள்ளை இருந்தா நல்லாருக்கும்னு வடிவுகிட்ட சொல்லுதேன், பிடி கொடுக்க மாட்டேங்கா. பொம்பளப்பிள்ளை பிறந்தா பேச்சின்னு வைக்கணும், குலசாமி பேரு.”

எனக்குக் கையில இருந்த முறம் நழுவிருச்சு. வடிவு குனிஞ்சு சிந்தின அரிசியைப் பொறுக்கினா.

“வைக்கலாம்”னு சொன்னா.

இப்படியே போயிரும்னுதான் நாங்க நினைச்சோம். ஆனா அவருக்கு ஒரு குறை வந்துச்சு. செல்போன்ல ஜெசிந்தா ஏத்திக் கொடுத்த கல்யாணப் பாட்டை லாரியில போட்டுக் கேப்பாரு. கேட்டுட்டு, கடைக்கு வந்து முறையிடுவாரு. “ஏம்மா, பாட்டுல என்னமோ விட்டுப்போச்சே, பாத்தியா?” ஜெசிந்தா, ஒண்ணும் விடலைண்ணே, நல்லாப் பாருங்கம்பா. “இல்லைம்மா, ஒரு இடத்துல விறுவிறுன்னு ஓடிப்போயிருது. அங்கே நின்னு போகணும். உனக்குத் தெரியலையா?” திரும்பத் திரும்ப வந்தாரு. கீறல் விழுந்த அந்த ரிக்கார்டு அவரு தலைக்கு மேல அலமாரியிலதான் இருந்தது. தேவசகாயம் அண்ணாச்சி நாற்காலியை நகத்தி அதை மறைச்சு உக்காந்துக்கிடுவாரு. ஜெசிந்தா அதுக்கப்புறம் எந்த வீட்டு ரிக்கார்டுலயும் கீறலைத் தொடலை. கரகரப்போடதான் ஏத்துவேன், வேணும்னா வாங்க, வேண்டாட்டிப் போங்கன்னுட்டா. ஊர்ல பாதிப்பேரு அவளை ஏசினாங்க.

மறுபடி ஐப்பசி வந்தது. சாயங்காலம் நல்ல மழை. வடிவு வீட்டுல வாங்கின தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கணும்னு நான் முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஓடினேன். கொம்பையா வாசப்படியில உக்காந்து மழையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, வடிவு அவரு பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. செல்போன் உள்ளே எங்கயோ கிடந்தது. அவரா வாய்க்குள்ள பாடுதாரு. வாசல் வந்த மழையே, நனைஞ்சு நிக்காதே, உள்ளே வா. அதோட நிக்கலை. உள்ளே வா, உள்ளே வா, உள்ளே வா, உள்ளே வா.

ஊசி நின்ன அதே இடம். அதே இழுவை. வடிவு கையில கீரைத்தண்டு அப்படியே நின்னுச்சு. அவ என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். எனக்கு வாயை அடக்கத் தெரியலை.

“என்ன கொழுந்தனாரே, அதையே எத்தனை தடவை பாடுவீக?”

அவரு வெள்ளந்தியா என்னைத் திரும்பிப் பாத்தாரு. “பாட்டு அப்படித்தானே மதினி.”

சொல்லிட்டு மறுபடி தெருவைப் பாத்துப் பாட ஆரம்பிச்சாரு. யாரையோ கூப்பிடுத மாதிரி கழுத்தை நீட்டி, வாரவங்களுக்குக் கேக்கணும்னு கொஞ்சம் சத்தமாவே பாடுதாரு. கண்ணுல தண்ணி வடியுது, அது அவருக்குத் தெரியலை, தூவானம்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டாரு. எனக்கு ஓடிப்போயி அந்த ஊதாக் குடையை எடுத்துட்டு வந்து அவரு மடியில போட்டுரணும் போல இருந்தது. ஆனா எடுக்கலை.

வடிவு கீரையைக் கீழே வெச்சா. அவளும் பாடினா. அவளுக்குக் குரல் இல்லை, காத்துதான் வந்தது. உள்ளே வா, உள்ளே வா. பாடிக்கிட்டே, படியில இருந்து ஒரு ஓரமா ஒதுங்கி உக்காந்தா. அதைப் பாத்து, எதுக்குன்னு கேக்காம, அவரும் மறு ஓரத்துக்கு ஒதுங்கி உக்காந்தாரு. இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமா, ரெண்டு பேருக்கும் நடுவுல சின்ன ஆளு ஒருத்தர் நுழையுத வழி கிடந்தது.

“நனையாதீங்க மதினி, உள்ளே வாங்க”ன்னாரு கொம்பையா.

நான் தூக்குச்சட்டியைக் கையில வெச்சுக்கிட்டு மழையிலயே நின்னேன். அந்த வழியா நான் போகலை.